என் மீன்தொட்டி விளக்கு எரிந்த வீடு

இன்று குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில் சண்முகத்தையும் அவன் மனைவியையும் பார்த்தேன். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என் பழைய கூட்டாளி.

எண்பதுகளில் என் தம்பி துபாயிலிருந்து மீன்தொட்டிக்கு ஓர் அல்ட்ரா வயலட் விளக்கு கொண்டுவந்தான். மூடிய குழாய்க்குள் விளக்கு எரியும். அதன் வழியே ஓடும் தண்ணீரில் கிருமி செத்துவிடும். மாட்டித் தந்ததும், அவ்வப்போது கழற்றித் துடைத்ததும் சண்முகம்தான்.

"நீ தொறந்து பாத்திராதலே, கண்ணு போயிரும்" என்பான். நான் திறக்கவே இல்லை.

முதலில் தெளிவாக இருந்த தண்ணீர் பிறகு பச்சையானது. தங்க மீன்கள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்து ஒவ்வொன்றாகச் செத்தன.

"ஒனக்கு மீன் ராசி இல்லலே" என்று தோளைத் தட்டினான். நம்பினேன். தொட்டியையே தூக்கிப் போட்டேன். அவன் வீட்டுத் தொட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது.

இன்று பேச்சு மீன் பக்கம் போனது. அவன் மனைவி சிரித்தபடி சொன்னார்: "நீங்க ஆசையா குடுத்த ஊதா லைட்டு எங்க தொட்டியில ரொம்ப நாளு எரிஞ்சுது அண்ணாச்சி."

நான் எதையும் கொடுக்கவில்லை. என் வீட்டில் வெறும் குழாய்க்குள்தான் தண்ணீர் ஓடியிருக்கிறது.

சண்முகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவம், அவன் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "சந்தோசம் மதினி" என்றேன்.

மேலகரத்தில் இறங்கும்போது, "வீட்டுக்கு வாலே, புது மீன் வாங்கியிருக்கேன், காட்டுதேன்" என்கிறான்.

போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.