மஞ்சில் ஹாஜர் எடுத்த நாள்

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்ப் பாடம் நடத்த என்னென்ன வேண்டும் என்று இளம் ஆசிரியைகள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு நூல்கண்டு, கண் கட்ட நாலு பழைய துண்டு, அவ்வளவுதான் என்பேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் எதைச் செய்யமாட்டார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பேன். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது சப்பென்று இருக்கும். இருக்கட்டும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வேலைக்குப் போன ஊர் போடிமெட்டுக்கு மேற்கே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. எழுபதுகளில், இடுக்கி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம். தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளி. நானோ பொள்ளாச்சிக்கு மேற்கே, பெருமாட்டிக்காரி. தென்னையும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பம், வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறி மேலே போய்ச் சேர்ந்தபோது குளிரில் பல் கிட்டிப்போனது. நான் "ஏனுங்க" என்று வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுடையது தேனி, மதுரைப் பக்கத்துப் பேச்சு.

பள்ளி என்றால் ஒரு தகரக் கொட்டகை. மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. பெய்யாத நாளிலும் உள்ளே இருட்டு. கரும்பலகையில் நான் ஒரு செடியை வரைந்து வேர், தண்டு, இலை என்று எழுதிக்கொண்டிருப்பேன், ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கச் செடியாக நிற்கும். இதைவிடக் கேனத்தனம் இருக்க முடியாது என்று ஒருநாள் தோன்றியது. சாக்பீஸைப் போட்டுவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப் போனேன்.

எனக்கு எந்தப் புத்தகமும் வழிகாட்டவில்லை. தோன்றியதைச் செய்தேன். ஆளுக்கு ஒரு முழம் நூல் கொடுத்து, தரையில் வட்டமாகப் போட்டு, அதற்குள் உயிரோடு இருப்பதையெல்லாம் பார்த்துச் சொல்லச் சொன்னேன். எறும்பு, பாசி, புழு என்று தொடங்கி, "என் வட்டத்துல ரெண்டு அட்டை இருக்கு, உன்கிட்ட இல்லையே" என்று ரத்தம் குடிக்கும் அட்டைக்குச் சொத்துச் சண்டை போடும் வரை வந்துவிட்டார்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணி அடிக்கும்போதெல்லாம் நிழலின் நுனியில் கல் வைத்தோம். இலையைத் தாளுக்கு அடியில் வைத்துக் கரியால் தேய்த்தோம். படிப்பே ஏறாது என்று ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகள்கூட இதிலெல்லாம் முந்திக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. பள்ளிக்குப் பின்னால் சோலைக்காடு, அதன் ஓரத்தில் புல்சரிவு, அதற்கப்பால் பள்ளம். வெயில் நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே தமிழ்நாட்டுச் சமவெளி தெரியும். சோலைக்குள் பிள்ளைகளை உட்கார வைத்து, கண்ணை மூடி, எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். குருவி, காற்று, தூரத்து லாரி என்று தாளெல்லாம் புள்ளிகள். ஆனால் எல்லாத் தாள்களிலும் பள்ளத்துப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே தண்ணீர் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

"ஏன் கண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கலீங்களா?" என்றேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லோருக்கும் பெரியவள், தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "கேக்குது டீச்சர். அங்கிட்டு கேக்குறத எழுதக்கூடாது."

யார் சொன்னது என்று கேட்டேன், அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிள்ளைகள் விளையாட்டுக்கு எதையோ கட்டிவிடுகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் போடிக்காரர், திருநீறு பூசமாட்டார், மேடையேறி மூடநம்பிக்கையைப் பற்றி அழகாகப் பேசக்கூடியவர். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். கொஞ்சம் கழித்து, "மஞ்சு எறங்குனா மட்டும் பிள்ளைகள உள்ள ஏத்திருங்க" என்றார். மூடுபனியை அங்கே மஞ்சு என்பார்கள். ஈரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள். மத்தியான உப்புமா முடிந்ததும் மரம் தொடும் விளையாட்டுக்குக் கூட்டிப் போனேன். இருவர் இருவராகப் பிரித்துவிட வேண்டும். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டி, மற்றவர் கையைப் பிடித்து ஒரு மரத்திடம் கொண்டுபோய் விடுவார். கண் கட்டியவர் அந்த மரத்தைத் தடவி, முகர்ந்து, கட்டிப்பிடித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு திரும்ப வந்து, கட்டை அவிழ்த்துவிட்டு, தன் மரத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். பட்டையின் சொரசொரப்பை அப்படிப் படித்த பிள்ளை ஒருநாளும் மறக்காது. இன்றைக்கும் நான் எல்லோருக்கும் சொல்லும் விளையாட்டு அது.

பாதி விளையாட்டில் மஞ்சு இறங்கியது. மெதுவாக வரவில்லை. பள்ளத்திலிருந்து பால் பொங்குவதுபோல் ஏறி வந்து மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. நான் சோலை நடுவில் ஒரு பெரிய மரத்தில் சாய்ந்து நின்றிருந்தேன். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. பிள்ளைகள் தாமாகவே என்னிடம் ஓடி வந்துவிட்டார்கள். மூச்சு வாங்கும் சத்தம் சுற்றிலும் கேட்டது. எல்லோரும் வந்தாயிற்றா என்று தெரிய வேண்டாமா? மனப்பாடமாக ஹாஜர் எடுக்க ஆரம்பித்தேன். முதல் பெயரைச் சொன்னேன். பதிலில்லை. இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். ஒருவரும் "ஹாஜர் டீச்சர்" சொல்லவில்லை.

என் சேலை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆனால் வாய் திறக்கவில்லை. குனிந்து பக்கத்து முகத்தைப் பார்த்தேன். மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. அடுத்த பிள்ளையும் அப்படியே. பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண் என் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "பேரச் சொல்லாதீங்க டீச்சர். மஞ்சுக்குள்ள யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாக. கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கக்கூடாது. ஆளு வந்து தொட்டாத்தான் பேசணும்."

"தொடாம கூப்பிட்டா?"

"அது ஆளுன்னு எப்படித் தெரியும்?"

வாதாட நேரமில்லை. தலை தலையாகத் தொட்டு எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். இல்லாதது மூன்றாம் வகுப்புச் சின்னப் பெண், இருப்பதிலேயே குட்டையானவள். கொழுந்து பறிக்கும் அவள் அம்மாவுக்கு அவள் ஒருத்திதான் பிள்ளை. அவளுக்கு ஜோடியாகப் போனவள் இந்த ஐந்தாம் வகுப்புப் பெண்தான். எங்கே விட்டாய் என்று உலுக்கினேன். "ஓரத்து மரத்துல" என்று அழ ஆரம்பித்தாள். ஓரத்து மரம் என்றால் அதற்கப்பால் புல்சரிவு. ஈரப்புல்லில் கால் வைத்தால் நிற்காது.

அப்புறம் எனக்கு எந்த விதியும் நினைவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "எங்கே போய்த் தொலைஞ்சே, பதில் சொல்லு" என்று திட்டினேன். சேர்ந்து கூப்பிடுங்கள் என்று பிள்ளைகளைக் கெஞ்சினேன். யாரும் அசையவில்லை. மூச்சு வாங்க நான் நிறுத்திச் சற்றுக் கழித்து, பள்ளத்துப் பக்கமிருந்து அவள் பெயர் கேட்டது. என் குரல்தான். எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் நிறுத்தி நேரமாகியிருந்தது. என் சேலையைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறுகின.

கூப்பிட்டுப் பயனில்லை, தொட்டால்தான் உண்டு. சின்னவர்களைப் பெரிய மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, பெரிய பிள்ளைகளைக் கைகோத்து நிற்கச் சொன்னேன். ஒரு முனையில் இருந்தவள் பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுமுனையில், பள்ளத்தை ஒட்டி, நான். அந்தச் சங்கிலியோடு செக்கு சுற்றுவதுபோல் மரத்தைச் சுற்றி மெதுவாக நடந்தோம். நான் ஒவ்வொரு அடியையும் காலால் தடவிப் பார்த்து வைத்தேன். வெறும் கை முன்னால் காற்றைத் துழாவியது. மரம், கொடி, மறுபடி மரம். அந்தக் கையை வேறு ஏதாவது பிடித்துவிடுமோ என்று நான் பயந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். படித்த பெண் நான், அன்று முழுதாகப் பயந்தேன்.

ஈரமான தலைமுடி கையில் பட்டது.

"ஏன் டீச்சர்?" என்றது ஒரு சின்னக் குரல்.

ஓரத்து மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. கன்னத்தில் மரப்பட்டையின் தடம் பதிந்திருந்தது. அவள் குதிகாலுக்குப் பின்னால் இரண்டடியில் புல் சரியத் தொடங்கியது. அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மரத்தடியில் இருந்த சின்னவர்களையும் சேர்த்து, அதே சங்கிலியாகத் தடவித் தடவிப் பள்ளி வந்து சேர்ந்தோம்.

தலைமையாசிரியரைப் பிடித்து உலுக்காத குறைதான். "ஏனுங்க சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நம்புறவுகதான் டீச்சர் சொல்லணும். நானே நம்பாதத எப்படிச் சொல்றது?"

"மஞ்சுக்குள்ள நீங்க யாரையாவது பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல" என்றார்.

சாயங்காலம் வேலை விட்டதும் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா வந்தாள், முதுகிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கக்கூட இல்லை. அடிப்பாள், குறைந்தபட்சம் சாபமாவது விடுவாள் என்று நான் நின்றிருந்தேன். அவள் என்னைக் கேட்டது ஒன்றுதான். "பேரச் சொல்லியா கூப்பிட்டீக?"

"ஆமாங்க."

மகள் முன்னால் அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். "பாப்பா, எத்தன பேரு கூப்பிட்டாக?"

"ரெண்டு டீச்சரும்மா. ஒரு டீச்சர் மேல, ஒரு டீச்சர் கீழ."

மேலே இருந்துதான் நான் கூப்பிட்டேன். "கீழ கூப்பிட்டதுக்கு ஏன் கண்ணு போகல?" என்று கேட்டேன்.

"மேல இருந்தவுக கோவமா திட்டுனாக" என்றாள் குழந்தை. "கீழ இருந்தவுக ரொம்பப் பிரியமா கூப்பிட்டாக டீச்சர். வா வான்னு. மரத்த விட்டுட்டு வான்னு. நீங்க அப்பிடிக் கூப்பிட மாட்டீக."

அவள் அம்மா எழுந்து மகளை இழுத்துச் சேலைக்குள் பொதிந்துகொண்டாள். பள்ளத்துப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, கடையில் சாமான் மாற்றிக் கேட்பவள்போல் சாதாரணமாகச் சொன்னாள். "நாளையிலேருந்து இவளுக்கு வேற பேரு டீச்சர். புஸ்தகத்துல மாத்திப் போட்டுருங்க. அந்தப் பேரு கீழ உள்ளவுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி அது அங்கயே இருக்கட்டும்."

சட்டப்படி அப்படி மாற்ற முடியாது. தலைமையாசிரியரிடம் போனேன், அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவள் புதுப் பெயருக்கு "ஹாஜர் டீச்சர்" என்று தெளிவாகச் சொன்னாள். நான் வெளியே கூட்டிப் போவதை நிறுத்தவில்லை. அங்கே இருந்தவரை ஹாஜரை மட்டும் உள்ளேயே முடித்துக்கொள்வேன், சோலைக்குள் தலையைத் தொட்டு எண்ணுவேன். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை, ஊர்க்காரர்கள் செய்யாததை முதலில் விசாரியுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் பழைய பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழகான பெயர். பெருமாட்டி வீட்டில், வெட்டவெயிலில்கூட நான் அதை ஒருமுறையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பதில் வந்துவிடும் என்று எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.