வெடிப்பின் ஆழம்

ஐம்பதுகளின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கம் பாலர் வகுப்பு டீச்சராக இருந்தேன். மழை காணாத ஆடியில், பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த கரிசல் காட்டுக்குக் கூட்டிப்போனேன். நூலில் கல்லைக் கட்டி, நிலத்து வெடிப்புகளில் இறக்கி ஆழம் பார்த்தார்கள். ஒரு வெடிப்பில் நூல் முழுக்க இறங்கியும் அடி தட்டவில்லை.

"மழை பெஞ்சா மண்ணு ஊறி எல்லாம் மூடிக்கிடும்" என்றேன்.

முந்தின மாதம் தாயைப் புதைத்திருந்த சிறுமி கேட்டாள்: "அதுக்குள்ள எங்கம்மை ஏறி வந்துருவாளா டீச்சர்?"

"பேசாம வரிசையில நில்லுட்டி" என்று அதட்டினேன். அதற்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஐப்பசியில், ஊரே ஏங்கிக் கிடந்த மழை வந்தது. பிள்ளைகளெல்லாம் நனைய ஓடினார்கள். அவள் மட்டும் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மழைய நிக்கச் சொல்லுங்க டீச்சர்."