பேசாலைக் குளிரறைக்கு மூன்று பெயரோடு போன பெட்டி

சமாதான உடன்படிக்கை காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்த ஓர் ஆவணியில் வவுனியாவிலிருந்து பேசாலைக்குப் போனேன். சுற்றுலா அல்ல. அங்கே மீன் குளிரறை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவின் கொன்ட்ரோல் போர்ட் எரிந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு வள்ளங்கள் வருமுன் அறை குளிராவிட்டால் மீன் முழுவதும் கருவாடுதான் என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார். மின்பொறியியல் படித்த மிடுக்கோடு புதுப் போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு காலை 6.10 பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் 68 ரூபா.

முருங்கனில் தேநீரும் வடையும் 22 ரூபா. வடை நல்லது, தேநீரைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. பஸ் சாரதி சூசை அண்ணன் என் பொருள் விபரக் கடிதத்தை எட்டிப் பார்த்தார். அதில் போர்ட்டின் மாதிரிப் பெயர் ‘கே-30’ என்று மட்டும் இருந்தது.

“தம்பி, உது ஆருக்கு விளங்கும்? கீழ பிரிஜ் சாமான் எண்டு போடுங்கோ. அதுக்கும் கீழ கரண்ட் சாமான். தெரிஞ்ச பேர் வந்தா செக்பொயின்ற்ல ஆமிக்காரர் விடுவாங்கள். சிங்களத்தில நான் எழுதித் தாறன்.”

படித்த எனக்கு அது அவமானமாகப் பட்டது. வேண்டாம் என்றேன்.

பாலத்துக்கு முந்திய சோதனைச் சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறந்து, “மேக்க மொகத?” என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். “கே-30” என்றேன். யோசித்துப் பார்த்தால் அது ஏதோ சுடும் துவக்கின் பெயர் போலத்தான் இருந்தது. ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றபின் பேனாவைச் சூசை அண்ணனிடம் நீட்டினேன். அவர் கே-30க்குக் கீழே பிரிஜ் சாமான், கரண்ட் சாமான் என்று சிங்களத்தில் இரண்டு வரி எழுத, முதல் வரியை வாசித்ததுமே சிப்பாய் பெட்டியை மூடிவிட்டார்.

மன்னாரிலிருந்து பேசாலைக்கு வான் வண்டி, 25 ரூபா, ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர். நண்பகல் எரிந்த போர்ட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினேன். ‘தெரியாத கருவி’ என்றது குளிரறையின் குட்டிக் கணினி. எந்தப் போர்ட் பூட்டியிருக்கிறது என்பதை அதற்குள் ஒரு விபரக் கோப்புச் சொல்லும். டிரைவர் மென்பொருள் அதை வாசித்து, தனக்குத் தெரிந்த பெயரைக் கண்டால்தான் வேலை தொடங்கும். அந்தப் பழைய மென்பொருளுக்குத் தெரிந்தது எரிந்துபோன போர்ட்டின் பெயரான கே-10 மட்டும். நான் கோப்பில் எழுதியிருந்தது கே-30. எல்லாக் கம்பிகளையும் கழற்றிப் பூட்டினேன். பயனில்லை.

ஸ்டெல்லா அக்கா செபமாலையோடு வாசலில் நின்றார். “ஓடுமோ தம்பி? மணி ரெண்டாகுது.”

“ஓடும் அக்கா” என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். கருவியை எடுக்கப் பையைத் திறந்தபோது அந்தக் கடிதம் மேலே கிடந்தது. மூன்று பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்று. வெட்கமாகிவிட்டது. கே-10 செய்வதெல்லாம் கே-30 அப்படியே செய்யும் என்று கையேட்டில் இருக்கிறது. கோப்பில் கே-30க்குக் கீழே கே-10 என்று சேர்த்தேன். மோட்டர் உறுமியது.

நான்கு மணிக்கு வள்ளங்கள் வந்தபோது அறை குளிர்ந்திருந்தது. நான் செய்ததைக் கேட்டுக்கொண்டே அக்கா இரண்டு கிலோ பாரை மீன் கட்டித் தந்தார். “புதுசை வேண்டிப் பழசின்ர பேர் வச்சிருக்கிறியள். நல்ல வேலை!”

இந்த வழியில் போகிறவர்களுக்கு: 6.10 பஸ்ஸை விடாதீர்கள். குடை கொண்டுபோங்கள். பொருளுக்குப் புதுப் பெயரை மேலேயும் பழகிய பெயரைக் கீழேயும் எழுதுங்கள். ஆளுக்கும் அப்படித்தான். மறுநாள் சூசை அண்ணனின் பஸ்ஸிலேயே திரும்பும்போது அதே சாவடியில் என் தொழிலைக் கேட்டார்கள். மின்பொறியியலாளர் என்றேன், அவர்களுக்கு விளங்கவில்லை. கொம்பியூட்டர் என்றேன், சிப்பாயின் கண் சுருங்கியது.

“பிரிஜ் பாஸ்” என்றார் பின்னாலிருந்து சூசை அண்ணன், பிரிஜ் திருத்தும் மேஸ்திரி என்ற பொருளில்.

“ஆ, பாஸ்! யன்ன, யன்ன” என்று சிப்பாய் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டம் பையில் கிடந்தது. பிரிஜ் பாஸ்தான் வீடு வந்து சேர்ந்தார்.