குணமான கோழி

மேனாம்பேட்டில் சரசாவின் வீட்டுக்குப் பின்னால் முன்பு மண்தரைதான் இருந்தது. ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், மண்ணைச் சீய்த்துக்கொண்டு திரியும் சில நாட்டுக்கோழிகள். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பியதும் குடிவந்தவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை. சரசாவின் கணவன் எத்திராஜ் முருங்கையை வெட்டிவிட்டுப் பின்பக்கம் முழுவதும் சிமெண்ட் போட்டான். பைக் நிறுத்த வாடகைக்கு விட்டான். பட்டறையில் லேத் ஓட்டி ஓய்ந்தவன் அவன். வீட்டில் எதையும் செய்து முடித்த பிறகுதான் சரசாவிடம் சொல்வான்.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் பிசிறையும் விட்டுப்போன தையலையும் தேடுகிற வேலை. காலையில் கூண்டைத் திறக்கும்போதும் அந்தக் கண்தான். எதன் கொண்டை வெளுத்திருக்கிறது, எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறது, எச்சம் தண்ணீராகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். ஒரு வருஷம் வெள்ளைக்கழிச்சல் வந்து எல்லாக் கோழியும் செத்துப்போனதிலிருந்து வந்த பழக்கம்.

சிமெண்ட் போட்டுச் சில மாதங்கள் கழித்து செவலைக்கோழி ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்தது. கொண்டையில் சிவப்பு குறையவில்லை, தீனியும் எடுத்தது. எங்காவது சுளுக்கியிருக்கும் என்று சரசா விட்டுவிட்டாள். மறுவாரம் அது கூண்டை விட்டு இறங்கவே யோசித்தது. பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கால் வீங்கிச் சுட்டது. நடுவில் மிளகு பதித்தது போல ஒரு கறுப்புப் பொருக்கு.

அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். டாக்டர் ஸ்வாதி சின்ன வயதுப் பெண். காலைப் பார்த்ததுமே, கோழி எங்கே மேய்கிறது என்று கேட்டார். சரசா சொன்னாள். கெட்டித் தரையில் குதித்துக் குதித்து உள்ளங்கால் கீறியிருக்கிறது, அந்தக் கீறல் வழியாகக் கிருமி இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துப் பொருக்கை இளக்கி எடுத்தார். உள்ளிருந்து சீழ் வழியவில்லை; வெந்த பருப்பு போலக் கட்டியாக வந்தது. கோழி கத்தவில்லை. சரசாவின் கைக்குள் அதன் நெஞ்சு மட்டும் படபடத்தது.

வீட்டில் இந்த வெட்டு வேலையெல்லாம் செய்யக்கூடாது, கழுவி மருந்து போட்டுக் கட்டு மாற்றினால் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். மருந்து நிறுத்திய பிறகும், தான் பார்த்துச் சொல்லும் வரை அதன் முட்டையோ கறியோ சாப்பிட வேண்டாம் என்றும் சொன்னார். கடைசியாக, "தரையை மாத்தாம காலை மட்டும் பார்த்தீங்கன்னா, இது திரும்பத் திரும்ப வரும்மா" என்றார்.

சரசா அன்றே எத்திராஜிடம் கேட்டாள். முழுவதும் வேண்டாம், சுவரோரம் ஒரு மூலையில் சிமெண்டைப் பெயர்த்து மண் கொட்டினால் போதும் என்றாள்.

"கோழி நடக்கறதுக்கோசரம் தரைய ஒடைக்கணுமா? ஊட்ல மனுசன் கால் வலிச்சிகினு கீறான், அதுக்கு இன்னா பண்ண நீ?" என்றான். கால் வலி என்று அவன் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தினமும் வீங்கிய காலோடு கம்பெனியிலிருந்து வருகிறவள் அவள்.

அவள் வைக்கோல் வாங்கிப் பரப்பினாள். பைக் சக்கரத்தில் ஒட்டுகிறது என்று எத்திராஜ் அதைக் கூட்டித் தள்ளினான். பிறகு கூண்டுக்குள் மட்டும் சாக்கு விரித்து, அதன்மேல் மரத்தூள் போட்டாள். கம்பெனியில் பக்கத்தில் நிற்கிற ஜுலைகா பாரிவாக்கத்திலிருந்து வருகிறவள். அவளிடம் சரசா தினமும் செவலையின் காலைப் பற்றிச் சொல்வாள். வீக்கம் வற்றியது, குழி மூடியது, புதுத்தோல் ரோஜா நிறத்தில் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை கட்டை அவிழ்த்து விட்டபோது செவலை இரண்டு காலையும் ஊன்றி, பைக்குகளுக்கு நடுவே வேகமாக ஓடியது. சரசா பஸ்ஸைத் தவறவிட்டாள். அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை.

மறுநாள் ஞாயிறு. சரக்கு அனுப்ப வேண்டும் என்று கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் திரும்பியபோது வாசலிலேயே மசாலா வாசனை வந்தது. எத்திராஜின் பழைய பட்டறைக் கூட்டாளி மனோகரன் வந்திருந்தான். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நாட்டுக்கோழி ருசியே தனி அண்ணி" என்றான் மனோகரன்.

சரசா பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செவலை இல்லை. மனோகரன் கைகழுவப் போனதும் கேட்டாள்: "எதுக்கு அத்த அறுத்த? டாக்டரு சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிச்சே."

"நோவு இருக்கசொல்ல நான் தொட்டனா?" என்றான் எத்திராஜ். "நேத்து நல்லா ஓடிச்சே. கொணமாச்சின்னு தானே அறுத்தேன். இன்னும் எத்தினி நாளு அத்த வச்சிகினு அழகு பாக்கறது?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் சொல்வது போலத்தான் சொன்னான். நாள்பட்ட சீக்குக்கோழியை யாரும் அறுக்க மாட்டார்கள். அவள் ஆற்றிய கால்தான் அதைக் கத்திக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. சரசா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவள் பங்கு என்று மூடி வைத்திருந்ததைத் தெருநாய்க்கும் போட மனமில்லாமல் குப்பையில் கொட்டினாள்.

கொஞ்ச நாளில் கறுப்புப்பெட்டை நொண்டியது. அதற்கும் அதே வைத்தியம். அது ஆறிய பிறகும் சரசா கட்டை அவிழ்க்கவில்லை. எத்திராஜ் கண்ணில் படும்படி மஞ்சள் மருந்தைத் துணிமேல் தடவி வைத்தாள். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் ஸ்வாதி கட்டைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார். இறுகிய துணியில் ஒரு விரல் கறுத்துச் செத்துப்போயிருந்தது. ஆறின காலுக்கு யாராவது இப்படிக் கட்டுவார்களா என்று கேட்டார். சரசா தலை குனிந்து நின்றாள்.

அந்த வாரமே மிச்சமிருந்த கோழிகளை ஜுலைகா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். அங்கே வேலிக்குள் மண் இருந்தது. "எப்ப வேணா வந்து பாருங்கக்கா" என்றாள் ஜுலைகா. சரசா போகவில்லை. விரல் போன கறுப்பை முகம் பார்க்க அவளால் முடியாது.

கூண்டு இருந்த இடத்தில் எத்திராஜ் இன்னும் ஒரு பைக்கை நிறுத்தினான். கோழிகள் போனதை அவன் கேட்கவே இல்லை. மனோகரன் மறுபடி வரப்போவதாகப் போன் வந்த அன்றுதான், எங்கே ஒன்றையும் காணோம் என்றான்.

"செத்துப்போச்சு" என்றாள் சரசா.

"எல்லாமா? இன்னா சீக்கு?"

"கால்ல."

"நல்லவேளை, சாப்ட்டுத் தொலைக்கல" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பினான்.