கௌசியா அக்காவின் பேட்ச் ஃபைல்

எங்கள் நாமக்கல் லாரி ஆபீஸ் கம்ப்யூட்டரில், அன்றைய ட்ரிப் விவரங்களை மாலையில் பிரதியெடுத்து வைக்கும் பேட்ச் ஃபைல் என்ற சின்ன புரோகிராம் கௌசியா அக்கா எழுதியது. ஒரு கீயைத் தட்டினால்தான் அது முடியும். அக்கா தட்டிவிட்டு, “வாரேன் சாமி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பரமத்தி வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் வேலையை விடும் வாரத்தில், அந்த ஃபைலைத் தானாக ஓட்டப் பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். திரையில் எதுவும் வராமல் அப்படியே நின்றது.

“தொங்கிருச்சுங்களாக்கா?”

“கீயத் தட்டோணும்னு காத்திருக்குது. உன்ற பைத்தானுக்குக் கையில்லையே!” என்று சிரித்தவர், மெல்லக் கேட்டார். “அப்ப என்ற ஃபைல அழிச்சுப்போடுவியா?”

“இல்லீங்கக்கா, அதக் கூப்புட்டுத்தான் என்னோடது வேலையே செய்யும்.”

அக்காவின் ஃபைலிலிருந்து, கீக்காகக் காத்திருக்கும் வரியை மட்டும் எடுத்தேன். அக்காவின் ஃபைல் இன்றும் ஓடுகிறது. வேலை தானாகவே முடிந்துவிடுவதால், எப்போது வீட்டுக்குக் கிளம்புவது என்றுதான் எனக்குத் தெரிவதில்லை.