நாச்சியாரின் ப்ளூபெர்ரிப் பாத்தி

பொன்முடிச் சரிவில் ஒரு எஸ்டேட். அதன் நர்சரியில் நாச்சியார் முப்பது வருஷமாகத் தேயிலைக் குச்சி நட்டு வேர் பிடிக்க வைக்கிறவள். அவள் கை பட்டால் எதுவும் பட்டுப்போகாது என்று லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் நம்பிக்கை. அவளுக்கோ அந்த நம்பிக்கை ஒரு பிடி அதிகம். வேர் வந்துவிட்டதா என்று யாராவது குச்சியை இழுத்துப் பார்த்தால் வறுத்தெடுத்துவிடுவாள்.

தேயிலையில் வரும்படி இல்லை என்று கம்பெனி கைகழுவியது. லயத்தை இடித்து ரிசார்ட் கட்டப் போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்து, அதாவது ஒப்பு, போடுகிறவர்களுக்கு நெடுமங்காட்டில் ஃப்ளாட், போடாதவர்களுக்கு ஒன்றுமில்லை என்று நோட்டீஸ் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மேனேஜர் வினீத் இரண்டாயிரம் ப்ளூபெர்ரிக் குச்சிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

"இது பிடிச்சா நர்சரியும் லயமும் இவிடத்தன்னெ இருக்கும் சேச்சி. பிடிக்கலேன்னா என் கையில ஒண்ணுமில்ல."

தேயிலை கேட்கிற அதே புளிப்பு மண்தான் இதற்கும். நாச்சியார் தேயிலைக்குச் செய்வதையே செய்தாள். பாத்தி போட்டு நட்டு, பாலிதீன் கூடாரம் கட்டி ஈரம் காத்தாள். ஐந்தாம் வாரம் இரண்டாயிரமும் செந்தளிர் விட்டன. தேயிலையில் தளிர் வந்தால் கீழே வேர் இறங்கியாயிற்று என்று கணக்கு. கூடாரத்தைப் பிரித்தாள். உரத்தண்ணீர் ஊற்றினாள்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுத் தங்கபாண்டி வந்தான்.

"யக்கா, பதினோரு வீடும் உன் வார்த்தைக்குத்தான் காத்துக் கெடக்கு. ஒப்பு போடவா, வேண்டாமா?"

"வேரு பிடிச்சாச்சுடே. போடாதீய."

ஒருவரும் போடவில்லை.

கெடு முடிந்த ஐந்தாம் நாள் மதியம் தளிர்கள் தலை சாய்ந்தன. வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீர் தெளித்தாள். சாயங்காலமும் நிமிரவில்லை. மறுநாள் காலை இலை ஓரங்கள் கருகியிருந்தன. பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாக ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தாள்.

வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்திபோல வந்தது. அடியில் நட்ட அன்றைய வெட்டு அப்படியே இருந்தது, ஒரு முடி வேர்கூட இல்லை. அடுத்ததை இழுத்தாள். அதற்கடுத்ததை. பாழாய்ப் போன இந்தச் செடி தண்டிலிருந்த சத்தைத் தின்றே முதலில் தளிர் விட்டிருக்கிறது, வேர் பிறகுதான் போலிருக்கிறது. கூடாரத்தை இன்னும் ஒரு மாசம் விட்டிருக்க வேண்டும்.

வேலிக்கு அப்பால் தங்கபாண்டி கூப்பிட்டான். "யக்கா, வெள்ளையடிக்க எல்லாரும் சுண்ணாம்பு வாங்கியாச்சு. உன் வீட்டுலேருந்து ஆரம்பிக்கட்டா?"

அவள் பாத்தியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "தங்கபாண்டி, ஒப்பு வாங்குத ஆபீசு இன்னும் தொறந்திருக்காடே?"

"அத அன்னைக்கே பூட்டிட்டுப் போயிட்டானுவல்லா!" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான்.