இருபது வரைக்கும் எண்ணுங்கக்கா

"...பதினஞ்சு, பதினாறு, பதினெட்டு" என்று ரிசீவரில் கேட்டதும் திலகவதி ஒரு விரலை மடக்குகிறாள்.

"பதினேழு வரலைக்கா."

"நான் சொன்னேன்டி. ஒங்கிட்ட வந்து சேரல, அவ்ளோதான்" என்கிறார் கடலூரிலிருந்து ராசம்மாள்.

ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கடலூரில் ஒரு கட்டடம், சிதம்பரத்தில் ஒரு கட்டடம். ராசம்மாள் கடலூரில் டெலிபோன் ஆபரேட்டர். திலகவதி சிதம்பரத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள். வயது முப்பத்தொன்று, தேவனாம்பட்டினத்து வீட்டிலிருந்து தினமும் 6.50 பஸ். தொலைபேசிப் பேச்சு, எக்ஸ்ரே படம், இன்டர்நெட் எல்லாம் கடலூரிலிருந்து ஒரே லைனில்தான் சிதம்பரம் வருகின்றன. அதில் நெரிசல் உண்டா என்று பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. அவள் நம்புவது ராசம்மாளின் குரலைத்தான். காலை 8.40, பகல் 11, 1.20 என மூன்று வேளை. ஒன்றிலிருந்து இருபது வரை.

ஸ்விட்ச் என்பது வரிசையாகக் கேபிள்கள் செருகிய தட்டையான பெட்டி. தகவல் அதில் துண்டு துண்டாகப் போகிறது. கூட்டம் சேர்ந்தால் எந்தத் துண்டை முன்னே விடுவது, எதை நிறுத்திவைப்பது, எதைக் கீழே போடுவது என்று பெட்டிக்குச் சொல்லிவைப்பது அவள் வேலை. மொத்தம் நான்கு வரிசைகள். முதல் வரிசை பேச்சுக்கு. அதற்கு அளவான இடம்தான். அகலமாக்கினால் மற்ற மூன்றும் பட்டினி கிடக்கும். முதல் வரிசைக் கேபிள்களில் அடையாளமாகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள். கலர் டேப் புழுக்கத்தில் உரிந்துவிடுகிறதாம். "பொட்டுன்னா நெத்தி வேர்வையவே தாங்குதே!"

2009 பிப்ரவரியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, தொலைபேசிகள் போக இருபத்தேழு கம்ப்யூட்டர்கள் முதல் வரிசையில் நின்றன. முன்பு இருந்தவர் இளகிய மனசுக்காரர். "ஸ்லோவா இருக்கு சார்" என்று வந்து நின்றவர்களை எல்லாம் முன்னே சேர்த்துவிட்டார். திலகவதி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எக்ஸ்ரே பிரிவு சிங்காரம் நேரிலேயே சண்டைக்கு வந்தார்.

"எம் மெஷினு என்னா பாவம் பண்ணுச்சு?"

"ஒங்க படம் ரெண்டு நொடி லேட்டா வந்தா எலும்பு எடம் மாறிடுமாண்ணே?"

"வாய் ஜாஸ்தி ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை.

மே கடைசியில் இருபதும் முழுசாக வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வரவில்லை. அன்று மூன்று எண்ணாவது விழுந்துவிடும். "வெள்ளிக்கெழமன்னா ஒன் நம்பருங்க வெரதம் இருக்குதுங்கடி" என்று ராசம்மாள் கேலி செய்தார்.

ஜூன் 12, வெள்ளி, பகல் 1.25. நெஞ்சுவலியோடு சிதம்பரம் கட்டடத்துக்கு வந்த சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியின் அளவைக் கடலூர் டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, நர்ஸ் அமராவதியின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் செல்போனோடு சிக்னல் தேடி வாசலுக்கு ஓடினாள். நான்கு நிமிடம் போயிற்று. ஆள் பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் அமராவதி வந்து, "திட்டலாம்னுதான் வந்தேன்க்கா. ஒங்க மொவத்த பாத்தா திட்டு வரல" என்றாள்.

அந்த வாரம் திலகவதி இரண்டு கேபிள்களை மாற்றினாள், ஒரு ஸ்விட்சையே மாற்றினாள். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு எண்ணும் விழவில்லை.

ஜூன் 19, வெள்ளி, 1.20. அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் அரசு சிரித்துக்கொண்டிருந்தான். கத்தாரில் கிரேன் ஓட்டும் அவள் கணவன். அங்கே வெள்ளி விடுமுறை. வாரத்தில் இந்த அரை மணிதான் இருவரும் முகம் பார்ப்பது. இவள் காதில் ரிசீவர், அதில் ராசம்மாள்.

"அங்க யாரு கூட பேசிக்கினு கீற?" என்றான் அரசு.

"ராசம்மாக்கா எண்ணுறாங்க. ஒம்பது விழுந்துடுச்சு. பதினாலும் விழுந்துடுச்சு." திரையைப் பார்த்தபடியே சொன்னவள், சட்டென்று நிறுத்தினாள். "ஒங்க மொவம் மட்டும் எப்புடி மாமா ஒரு சொட்டுகூட சிந்தாம வருது?"

மேஜைக்கடியில் குனிந்தாள். அவளுடைய கேபிளில் சிவப்புப் பொட்டு. மார்ச்சில் அவளே ஒட்டியது. எவ்வளவு நெரிசலிலும் ஸ்விட்சுக்குக் கட்டளை போய்ச் சேர வேண்டுமே என்று தன் கம்ப்யூட்டரை முதல் வரிசையில் வைத்திருந்தாள். காரணம் சரிதான். அதே கேபிள் வழியாகத்தான் வெள்ளிதோறும் அரசுவும் முன்னே நுழைந்துகொண்டிருந்தான்.

"மாமா, ஒங்கள பின்னால அனுப்பப்போறேன்."

"எங்கடி, ஊருக்கா?"

அவள் ஸ்விட்சுக்கு இரண்டு வரிக் கட்டளை தட்டினாள். அரசு வாய் திறந்தது திறந்தபடி நின்றுபோனான். திலகவதி கேபிளிலிருந்து பொட்டை உரித்தாள். எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் விரல் நுனியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தவள், திரையில் அசையாமல் நின்ற அந்த நெற்றியில் அழுத்தி ஒட்டிவிட்டு, ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்லேர்ந்து எண்ணுங்கக்கா."